ஒரு வாயில் எத்தனை மதுவம்? எச்.ஐ.வி. உள்ள சிறுவரின் கன்டிடாத் திரிபுகளைப் பிரித்தறிதல்

புளுகொனசோல் என்ற பங்கசு மருந்து கொடுத்தும் பிள்ளையின் வாயில் வெண்படலம் திரும்ப வருகிறது. வெண்படலத்தை உண்டாக்கும் பழைய கன்டிடா மதுவமே மருந்துக்குப் பழகிவிட்டதா, வேறொன்று புதிதாகக் குடியேறிவிட்டதா? திரிபுகளை, அதாவது ஒரே இனத்துக்குள் உள்ள வெவ்வேறு வம்சங்களை, பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

முதலில் பிள்ளையின் அடையாளத்தைக் காக்க வேண்டும். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் அங்கீகரித்தது. எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகள் இங்கே சிலரே. வயது, பால், மாவட்டம் மூன்றையும் சேர்த்து எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். குழாயில் குறியீட்டு எண் மட்டும் போடுங்கள். பெயர்ப் பட்டியல் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். தன் நோயின் பெயரை அறியாத பிள்ளைகளும் உண்டு. ஆகவே ஒழுக்கவியல் குழுவின் அனுமதியும் பாதுகாவலரின் கையொப்பமும் பெற்ற பிறகும், பிள்ளையின் முன்னால் "வாயக் காட்டுங்கோ செல்லம், பஞ்சால ஒருக்காத் தடவுறன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்தே மாதிரி எடுக்க வேண்டும். பால் ஏடு துடைத்தால் இலேசாகப் போய்விடும். கன்டிடாப் படலம் உரிந்த இடம் சிவந்து தெரியும். கிருமியகற்றிய உப்புநீரில் பஞ்சுக்குச்சியை நனைத்து நாக்கின் மேற்பரப்பு, இரு கன்னம், அண்ணம் எல்லாம் தடவுங்கள். பெரிய பிள்ளை என்றால் 10 மில்லிலீற்றர் உப்புநீரை ஒரு நிமிடம் கொப்பளித்துக் குப்பியில் துப்பச் சொல்லலாம். சின்னது விழுங்கிவிடும். கொழும்பு வெயிலில் முச்சக்கரவண்டியில் போகும் பஞ்சு காய்ந்துவிடும் என்பதால் மாதிரியைக் காயாமல் வைத்திருக்கும் ஏமிஸ் ஊடகத்தில் வைத்து அன்றைக்கே வளர்ப்புக்கு இடுங்கள். கடைசியாக எடுத்த பங்கசு மருந்தையும் திகதியையும் குறிக்க மறக்க வேண்டாம்.

பற்றீரியாவைத் தடுக்கும் குளோரம்பெனிக்கோல் சேர்த்த சபோராட் ஏகரிலும் (பங்கசு வளர்க்கும் கூழ்), இனத்துக்கொரு நிறம் தரும் நிறங்காட்டும் ஏகரிலும் கீறி, 37 பாகையில் 48 மணித்தியாலம் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் நிறம் சரியாகப் பிடித்திருக்காது. கன்டிடா இனங்களில் அல்பிகன்ஸ் பச்சை, ட்ரொபிகாலிஸ் நீலம், குரூசி இளஞ்சிவப்பாய் ஓரம் சொரசொரத்து நிற்கும். குரூசி என்றால் புளுகொனசோல் தோற்றதில் அதிசயமில்லை. அதற்கு அந்த மருந்து இயல்பாகவே பிடிக்காது. இங்குள்ள ஈரக்காற்றில் மூடியில் வியர்த்த நீர் சொட்டினால் கூட்டங்கள் (ஏகரில் புள்ளிபோல் வளரும் மதுவக் குவியல்கள்) ஒன்றோடொன்று கலந்துவிடும். கீறுமுன் பிளேற்றை நன்றாக உலர்த்தி, பிறகு கவிழ்த்தே வையுங்கள்.

வேலை கெடுவது அடுத்த படியில்தான்: பார்வைக்குப் பெரிய ஒரே ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு போவது. இரண்டாவது திரிபு ஐந்தில் ஒரு பங்கு இருந்தால், ஒரு கூட்டம் எடுப்பவர் அதைத் தவறவிடும் வாய்ப்பு 80 வீதம். ஐந்து எடுத்தால் 33, பத்து எடுத்தால் 11. ஒவ்வொரு நிறத்திலும் குறைந்தது ஐந்து கூட்டம் எடுத்து, ஒவ்வொன்றையும் தனியே மறுபடி கீறித் தூய்மையாக்கி, 20 வீதக் கிளிசரோலில் −80 பாகையில் சேமியுங்கள். டப்ளினியென்சிஸ் என்ற இன்னொரு கன்டிடா இனமும் பச்சையாகவே வரும். 45 பாகையில் அது பொதுவாக வளராது, அல்பிகன்ஸ் வளரும்.

அல்பிகன்ஸை மலிவாகப் பிரிக்க அதன் மரபுப் பொருளில் 25எஸ் ஆர்.டி.என்.ஏ. எனும் பகுதியை பி.சி.ஆரில் பெருக்குங்கள். 450 காரச் சோடிப் பட்டை ஏ வகை, 840 பி வகை, இரண்டும் வந்தால் சி வகை. ஏயும் பியும் கலந்த வளர்ப்பும் அச்சொட்டாக சி போலவே தெரியும். மறுபடி கீறச் சொன்னது இதற்காகத்தான். இந்த மூன்று வகைக்குள் எத்தனையோ திரிபுகள் ஒளிந்திருக்கும். அவற்றைப் பிரிக்க ஏழு பரம்பரையலகுகளின் வரிசையை வாசிக்க வேண்டும். அல்பிகன்ஸ் இருமடியம் (ஒவ்வொரு பரம்பரையலகும் இரு பிரதி) என்பதால் வரிசை வரைபில் ஓர் இடத்தில் இரட்டைச் சிகரம் வரலாம். இரு இழையிலும் வாசித்தால்தான் அது உண்மையா, இரைச்சலா என்று தெரியும். முன்பு இரட்டையாக இருந்த ஓரிடம் சிகிச்சைக்குப் பின் ஒற்றையானால் உடனே புதுத் திரிபு என்று எழுதிவிடாதீர்கள். பழையதே ஒரு பிரதியை இழந்திருக்கலாம். பல இடங்களில் வேறுபட்டால் மட்டும் புதிதாக வந்ததென்று பதியுங்கள்.