பழைய த்ரீ-நாட்-த்ரீ எந்தத் தோட்டாவுக்கு மாறியிருக்கிறது? பார்த்தே கண்டுபிடிக்கும் முறை

என்.சி.சி.யில் இருந்தவர்கள் பலர் ஃபயரிங் ரேஞ்சில் பிடித்த .22 ரைஃபிள் பார்ப்பதற்கு அச்சு அசல் த்ரீ-நாட்-த்ரீ போலவே இருந்திருக்கும். காரணம், அது த்ரீ-நாட்-த்ரீயேதான் (.303), வேறு தோட்டாவுக்கு மாற்றப்பட்டது. லீ-என்ஃபீல்டு என்ற இந்தத் துப்பாக்கி அளவுக்கு இந்தியாவில் தோட்டா மாறிய ராணுவத் துப்பாக்கி வேறு இல்லை. தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கியோ சேகரிப்பில் இருப்பதோ கைக்கு வந்தால், அது எந்தத் தோட்டாவுக்கானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1. முதலில் காலி செய்யுங்கள்

மேகசினைக் (தோட்டா அடுக்கும் டப்பாவை) கழற்றுங்கள். போல்ட்டைத் (பின்னால் இழுக்கும் அடைப்பு உருளையை) திறந்து, சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள்) கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவுங்கள். பிறகு போல்ட்டைப் பின்னால் இழுத்து, அதன் தலைப் பகுதியை மேல்நோக்கித் திருப்பினால் முழுசாக வெளியே வந்துவிடும். போல்ட் மேஜைமேல் இருக்கும்வரை அந்தத் துப்பாக்கி வெடிக்காது. மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும்.

2. முத்திரையைப் படியுங்கள்

பின்பக்க மரக்கட்டை ஆரம்பிக்கும் இடத்தில், போல்ட் கைப்பிடிக்குக் கீழே, இரும்புப் பட்டை ஒன்று இருக்கும். அதன் வலது பக்கம்தான் துப்பாக்கியின் ஜாதகம். கிரீடம், 'ஜி.ஆர்.ஐ.', 'இஷாபூர்', ஒரு வருடம் என்று இருந்தால் அது வெள்ளைக்காரன் காலத்தில் மேற்கு வங்க இஷாபூர் ஆலையில் செய்தது. சுதந்திரத்துக்குப் பின் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. '7.62 மி.மீ. 2ஏ' அல்லது '2ஏ1' என்று இருந்தால் கதை வேறு.

இந்த 2ஏ1-ஐ '.303-ஐ மாற்றியது' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். தவறு. 1962 சீனப் போருக்குப் பிறகு, நேட்டோவின் 7.62 தோட்டாவுக்கென்றே இஷாபூரில் புதிதாகச் செய்தது அது. அந்தத் தோட்டாவின் அழுத்தம் .303-ஐவிட அதிகம். அதனால் பழைய உடம்பில் குழலை மட்டும் மாற்றி ஒப்பேற்றாமல், இன்னும் உறுதியான எஃகில் செய்தார்கள். ஆகவே பழைய மார்க் 3 (.303 லீ-என்ஃபீல்டு) உடம்பில் யாராவது 7.62 குழலைப் பொருத்தியிருந்தால், அதை ரேஞ்சுக்கு எடுத்துப் போகாதீர்கள். சுவரில் மாட்டி அழகு பாருங்கள், போதும்.

3. குழல் வாயைப் பாருங்கள்

வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். துளை மிகச் சின்னதாக இருந்தால் .22. அதிலும் வாய் விளிம்பில் மெல்லிய வளையக் கோடு ஒன்று தெரிந்தால், பழைய குழலைத் துளைத்து உள்ளே புதுக் குழாய் செருகி ஈயப் பற்று வைத்தது என்று அர்த்தம். இங்கிலாந்தின் பார்க்கர்-ஹேல் கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலை இது. சிலவற்றில் குழலே முழுசாகப் புதிது, கோடு இருக்காது.

துளை பெரிதாக, உள்ளே முறுக்குக் கோடே இல்லாமல் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் .410 மஸ்கட். போலீஸ், காவல் வேலைக்காக மாற்றியது. ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுத்தான் சுட முடியும்.

4. மேகசின்

.410-ல் மேகசின் இருக்கும் இடத்தை மரக்கட்டை வைத்து அடைத்திருப்பார்கள். .22-ல் மேகசின் டப்பா மட்டும் இருக்கும், உள்ளே ஸ்பிரிங்கும் தட்டும் இருக்காது. சுட்ட கேஸ் (காலித் தோட்டாக்கூடு) விழுவதற்கான குப்பைக்கூடை அது! 7.62-க்கானது பழையதைப் போல முன்பக்கம் சரியாமல் சதுரமாக நிற்கும்.

5. போல்ட்டின் முகம்

ஃபயரிங் பின் வரும் ஓட்டை நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா? ஓரம் என்றால் .22. அந்தத் தோட்டாவில் தட்டினால் பற்றும் மருந்து ரிம்மில்தான் (அடி விளிம்பில்தான்) இருக்கிறது, அதை அங்கேதான் தட்ட வேண்டும்.

.303-க்கு ரிம் அகலம் சுமார் 13.7 மி.மீ., கேஸின் உடம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ரிம்தான் தோட்டாவைச் சேம்பரில் இருத்துகிறது. 7.62-க்கு சுமார் 12 மி.மீ.தான், நீட்டலும் கிடையாது. அது தன் தோளில் (கழுத்துக்குக் கீழே ஒடுங்கும் இடத்தில்) உட்காருகிறது. அதனால் எக்ஸ்ட்ராக்டரும் (கேஸை வெளியே இழுக்கும் கொக்கி) வேறு. குழல், எக்ஸ்ட்ராக்டர், மேகசின் மூன்றும் ஒரே தோட்டாவைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்டினாலும் அது யாரோ ஒட்டுப் போட்ட துப்பாக்கி.

போல்ட் கைப்பிடியின் பின்பக்கம் உள்ள எண்ணையும், உடம்பில் உள்ள எண்ணையும் ஒப்பிட மறக்காதீர்கள். வேறு வேறாக இருந்தால் ஹெட்ஸ்பேஸை (போல்ட் முகத்துக்கும் தோட்டாவைச் சேம்பரில் நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தூரத்தை) அளக்காமல் யாரும் சுடக் கூடாது.

6. பின் சைட் (பின்பக்கக் குறிபார்க்கும் கருவி)

7.62-க்கானதில் 2,000 வரை எண் இருந்தால் 2ஏ. 800 மீட்டரில் நின்றால் 2ஏ1.

7. சந்தேகம் தீராவிட்டால்

தோட்டாவைப் போட்டுப் பார்க்காதீர்கள். .410 மஸ்கட்டின் தோட்டா, .303 கேஸைக் கழுத்து ஒடுக்காமல் நேராக விட்டது. ரிம்மும் அடிப்பகுதியும் ஒன்றே. ஆகவே அதன் சேம்பரில் .303 தோட்டாவும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். உள்ளே போனது என்பதால் பொருந்தியது என்று ஆகாது.

லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் சேம்பருக்கு வார்ப்பு எடுக்கச் சொல்லுங்கள். செர்ரோசேஃப் என்ற உலோகம் கொதிநீரைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகும். சேம்பரில் ஊற்றி, இறுகியதும் வெளியே எடுத்து, சுமார் 1 மணி நேரம் ஆனபின் காலிபர் என்ற அளவுகோலில் அளக்க வேண்டும். முதலில் சுருங்கி, அந்த நேரத்தில்தான் சேம்பரின் உண்மையான அளவுக்கு வரும். மறுநாள் அளந்தால் இன்னும் விரிந்து, அளவு கூடிக் காட்டும்.

வீட்டில் பரம்பரையாக வந்தது என்றால், அது .303-ஆக இல்லாமல் .315-ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். ராணுவத் தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்க வெள்ளைக்காரன் காலத்தில் தடை வந்ததால் புழக்கத்துக்கு வந்த தோட்டா அது. லீ-என்ஃபீல்டு உடம்பிலேயே இஷாபூர் அதற்கும் துப்பாக்கி செய்தது. .303 என்றால் தடை செய்யப்பட்ட 'போர்' (bore, துளை அளவு), சாதாரண லைசென்ஸில் வராது. லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருப்பதும் வார்ப்பு காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்று அந்தக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.