எல்லையோரக் குடும்பங்கள் ரேஷனும் ஓய்வூதியமும் கேட்டுப் பெறும் முறை

தமிழ்நாட்டில் கம்பத்திலோ போடியிலோ வீடும், கேரளத்தில் பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் பிழைப்புமாக இருக்கும் குடும்பங்கள் அரசு உதவிக்கு எந்த மாநிலத்தில் மனுக் கொடுப்பது என்று திகைப்பது வழக்கம். அந்த உதவிக்குப் பணம் போடுவது யார் என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மத்திய அரசு தரும் தானியம் மலையேறிக் கேரளத்துக்கும் வரும். மாநில அரசு தன் கையிலிருந்து தருவது சோதனைச் சாவடியைத் தாண்டாது.

ரேஷனையே எடுத்துக்கொள்வோம். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோவும், மிக வறிய அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோவும் மத்திய அரசின் செலவில் வருகின்றன. 2023 ஜனவரி முதல் இவை இலவசம். தமிழ்நாட்டு அட்டையின் முன்பக்கத்தில் பி.எச்.எச். (முன்னுரிமை) அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா) என்று இருந்தால், ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ முறையில் குமுளிக் கடையிலும் அந்த அரிசியை வாங்கலாம். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாதது) என்று இருந்தால் அது தமிழ்நாடு தன் செலவில் தரும் அரிசி, கேரளத்தில் கிடைக்காது. பருப்பும் பாமாயிலும் அவ்வாறே என்பதால், அவற்றுக்காகக் கடைக்காரரிடம் வாதிடுவதில் பயனில்லை. தோட்டத்தில் தங்கியிருப்பவர் ஒரு பகுதியை அங்கே வாங்கிக்கொள்ள, மீதியை ஊரில் இருப்பவர் வாங்கவும் வழியுண்டு. ஒரு சிக்கல் மட்டும் அடிக்கடி வரும்: கொழுந்து கிள்ளித் தேய்ந்துபோன விரலைக் கடையின் கைரேகைக் கருவி ஏற்பதில்லை. ஈரத்தையும் கறையையும் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பார்க்க வேண்டும்; அதுவும் ஆகாவிட்டால் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிப்பது ஒரு வழி.

கேரளத்திலேயே நிலையாகக் குடியிருப்பவர்கள் தமிழ்நாட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கிய சான்றைப் பெற்றுக்கொண்டு, கேரள அரசின் இணைய சேவை மையமான அக்ஷயா வழியாகப் புதிய கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே மஞ்சள் கார்டு அந்தியோதயாவுக்கும் பிங்க் கார்டு முன்னுரிமைக்கும் உரியவை. நீலமும் வெள்ளையும் முன்னுரிமை இல்லாதவை.

ஓய்வூதியத்தில் கணக்கு வேறு. 1995-இல் தொடங்கிய தேசிய சமூக உதவித் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு மத்திய அரசு தருவது 79 வயது வரை 200 ரூபாய், 80 முதல் 500 ரூபாய் மட்டுமே. மீதி முழுவதும் மாநிலத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாய். கேரளத்தில் 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாய். கேரளம் இதற்காக 2018-இல் தனி நிறுவனம் ஏற்படுத்திக் கடன் திரட்டியதோடு, 2023 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் வரியும் சேர்த்தது. மலையில் டீசல் போடும் ஜீப்காரரும் இதில் பங்காளிதான். அந்தக் கடனையும் மாநிலத்தின் கடன் வரம்புக்குள் மத்திய அரசு கணக்கிட்டதும், சில காலம் ஓய்வூதியம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்ததற்கு ஒரு காரணம்.

கேரளத்தில் விண்ணப்பத்தைக் கிராமப் பஞ்சாயத்தில் கொடுக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. வருமானச் சான்று வில்லேஜ் ஆபீசில் கிடைக்கும். வயதுச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. அனுமதி கிடைத்தபின் மஸ்டரிங் (பயனாளி உயிரோடு இருப்பதைச் சரிபார்ப்பது) அறிவிப்பு வரும்போதெல்லாம் அக்ஷயாவில் விரல் வைக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பற்றித் தெரிவித்தால் வீட்டுக்கே வருவார்கள். விரல் பதியாதவர் பஞ்சாயத்தில் உயிர்ச்சான்று தரலாம். இதைத் தவறவிட்டால் பணம் நின்றுவிடும்.

1,800 ரூபாய்தான் வந்தது, 200 ரூபாயை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. கூட்டுறவுச் சங்கத்தார் வீட்டில் கொண்டுவந்து தருவது மாநிலப் பங்கு. மத்தியப் பங்கு தனியாக வங்கிக் கணக்கில் விழுகிறது. ஆகவே சங்க ஊழியரைக் குறை சொல்லுமுன் பாஸ்புக்கைப் பதிந்து பார்ப்பது நல்லது. கேரளத் தொகை கூடுதல் என்பதற்காக இரண்டு மாநிலத்திலும் வாங்க நினைப்பது வீண். ஆதார் ஒன்றே என்பதால் பிடிபடும், வாங்கியதையும் திருப்பிக் கட்ட நேரும்.

மலையாளம் எழுதத் தெரியாது என்று மனுவை ஒத்திப்போட வேண்டியதில்லை. குறை தீர்க்கக் கோரும் மனுவை, அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு தருகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழருக்கு அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களில் தமிழில் எழுத இடமளிக்கிறது. மனு அசையாவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அது யார் மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று மட்டும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டியது அலுவலரின் கடமை.