மார்ச், ஏப்ரலில் ஸ்கீயிங் போகலாமா? பலரும் செய்யும் தவறுகள்

மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) போகலாமா என்று கேட்டால், உடனே வருகிற பதில் "அப்போது பனியை நம்ப முடியாதே" என்பதுதான். அது பாதி உண்மை. எந்த வாரம் மழை, எந்த வாரம் புதுப்பனி என்பதை வசந்த காலத்தில் ஒரு மாதம் முன்பே யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு நாளுக்குள் பனி எப்படி மாறும் என்பதை அந்தப் பருவத்தில்தான் நன்றாகக் கணிக்கலாம். வானம் தெளிந்திருந்தால் காலையில் கல், முற்பகலில் பட்டு, பிற்பகலில் சேறு. இந்த வரிசை தெரிந்தவர்கள் சந்தோஷமாகத் திரும்புகிறார்கள். தெரியாதவர்கள் பனியைத் திட்டிக்கொண்டே வருகிறார்கள். தாராளமாகப் போகலாம் என்பதுதான் என் கருத்து, கீழே உள்ள தவறுகளைச் செய்யாமல் இருந்தால்.

ஊரைப் பார்த்து மலையை முடிவு செய்வது

வெப்கேமில் ஹோட்டல் வாசலில் புல் தெரிகிறது, பனி போய்விட்டது என்று பயணத்தையே ரத்து செய்கிறவர்கள் உண்டு. ஊர் இருக்கிற உயரம் வேறு, சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் கொண்டுபோய் விடுகிற உயரம் வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6 முதல் 7 டிகிரி வரை குறையும். அப்படியென்றால் 1,000 மீட்டரில் உள்ள ஊரில் 13 டிகிரி அடிக்கும்போது 3,000 மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். சுவிட்சர்லாந்தில் டாவோஸுக்கு மேலே, 2,536 மீட்டர் உயரத்தில் உள்ள வைஸ்ஃப்ளூயோக்கில் 1936 முதல் பனியின் ஆழத்தை அளந்து வருகிறார்கள். அங்கே பனி மிக ஆழமாக இருப்பது வழக்கமாக ஜனவரியில் அல்ல, ஏப்ரல் வாக்கில்தான். குளிர்காலம் முழுக்க விழுந்ததெல்லாம் அடுக்கடுக்காகச் சேர்ந்து நிற்கும் நேரம் அது.

ஆகவே இடம் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் பேரைவிட உயரத்தைப் பாருங்கள். பிரான்சின் வால் தொரான்ஸில் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் கேபிள் கார் 3,883 மீட்டர் வரை போகிறது. கொலராடோவின் அராபஹோ பேஸினில் அடிவாரமே ஏறக்குறைய 3,300 மீட்டர். பல ஆண்டுகளில் அங்கே ஜூன் வரைகூட லிஃப்ட் ஓடுகிறது. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் எவ்வளவு அழகான ஊர்! ஆனால் 760 மீட்டர் வாக்கில் இருக்கிற அந்த ஊரின் கீழ்ச்சரிவுகளை நம்பி ஏப்ரலுக்கு டிக்கெட் போட மாட்டேன்.

இன்னொன்று, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. வடகோளத்தில் வடக்கு பார்த்த சரிவில் வெயில் குறைவு என்பதால் பனி நாள்கணக்கில் குளிர்காலப் பனியாகவே நிற்கும். தெற்கு பார்த்தது சீக்கிரம் கரையும். ரிசார்ட்டின் வரைபடத்தைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

சரி, குளிர்காலத்தில் போனால் மட்டும் உத்தரவாதமா? 2025 பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் தள்ளிப்போய், மார்ச்சில்தான் நடந்தன. பனியை நம்ப முடியாத நிலை இப்போது எல்லா மாதத்துக்கும் பொது.

ஜனவரி கடிகாரத்தோடு ஏப்ரல் மலைக்குப் போவது

நான் அதிகம் பார்த்த தவறு இது. லிஃப்ட் திறந்த உடனே முதல் ஆளாக ஏறி, முந்தைய நாள் உருகி இரவில் உறைந்த சரிவில் இறங்கி, பல் கிட்டித்துப்போய் "இதெல்லாம் ஒரு பனியா" என்று பதினோரு மணிக்கு அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நல்ல பனி அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

பகலில் உருகி இரவில் உறைவது நாளுக்கு நாள் நடக்க நடக்க, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருமணிகளாகத் திரளும். கையில் அள்ளினால் ஆற்றுமணல் மாதிரி பருபருவென்று விரலிடுக்கில் உதிரும். இதைத்தான் கார்ன் ஸ்னோ என்கிறார்கள், ஐரோப்பாவில் ஃபிர்ன். இரவில் இறுகிய மேற்பரப்பில் காலை வெயில் பட்டு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் கெட்டியாக இருக்கும்போது ஸ்கீ தானாகத் திரும்புகிற மாதிரி இருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குக்கூட அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் துணிச்சல் வந்துவிடும்.

அந்த நேரம் வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க, சறுக்கும்போது கையில் பிடிக்கும் கைக்கோல் போதும். ஒன்பது மணிக்கு ஊன்றினால் டக்கென்று கல்லில் தட்டுகிற சத்தம் கேட்கும், நுனி இறங்காது. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் நுனி மெல்லப் புதையும். ஸ்கீயின் கரகர சத்தம் சர்ரென்ற சத்தமாக மாறும். இறங்கலாம். அப்புறம், பூட்ஸோடு நின்றால் கணுக்கால் வரை உள்ளே போகிறது என்றால், அந்தச் சரிவின் நேரம் முடிந்துவிட்டது.

இந்த நேரம் எல்லாச் சரிவுக்கும் ஒன்றாக வராது. கிழக்கு பார்த்தது முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியாக மேற்கு. சூரியன் போகிற வழியில் நாமும் சரிவு மாற்றிக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தை மூன்று மணி நேரமாக நீட்டலாம்.

இதெல்லாம் இரவு வானம் தெளிந்திருந்தால்தான். மேகமில்லாத இரவில் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். காற்று பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடினால் போர்வை போர்த்திய மாதிரிதான். இரவெல்லாம் உறையாது, விடியும்போதே சொதசொதவென்று இருக்கும். அதனால் ரிசார்ட் அறிக்கையில் பனி இத்தனை சென்டிமீட்டர் என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆழம் மூன்று மீட்டர் இருந்தாலும் நாம் சறுக்குவது மேலே உள்ள ஐந்து சென்டிமீட்டரில்தான். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை, மேகம், காற்று, இந்த மூன்றையும் முந்தைய நாள் மாலையே பாருங்கள்.

"டிக்கெட் காசு வீணாகிறதே" என்று மாலை வரை நிற்பது

இதில் காயம்படுகிறவர்களைப் பார்த்தால் மனசு கனக்கிறது, ஏனென்றால் தவிர்க்க முடிந்த காயங்கள் அவை. பிற்பகலில் ஈரப்பனி கனமாகிவிடும். நிழலிலிருந்து வெயிலுக்கு வரும் இடத்தில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி ஸ்கீ சட்டென்று மெதுவாகும், உடம்பு மட்டும் முன்னால் போகும். களைத்த காலோடு அப்போது திரும்பினால் முழங்கால்தான் வாங்கிக்கொள்ளும். ஒரு மணிக்கு மனம் வராவிட்டாலும் இரண்டு மணிக்காவது முடித்துக்கொள்ளுங்கள்.

பாதை போடாத சரிவுகளுக்குப் போகிறவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பனிக்குள் தண்ணீர் இறங்கினால் அடுக்குகளின் பிடி தளர்ந்து, பனி மொத்தமாகச் சரிந்து விழும் ஈரப் பனிச்சரிவு கிளம்பும். செங்குத்தான இடத்தில் பாறையோரமிருந்து சின்னச் சின்னப் பனியுருண்டைகள் தாமாக உருண்டு வர ஆரம்பித்தால், அது முதல் எச்சரிக்கை. அங்கே இன்னொரு முறை ஏறக் கூடாது. ஐரோப்பாவில் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணால் குறிக்கிறார்கள். வசந்த காலத்தில் காலையில் குறைவாக இருக்கும் அபாயம் பிற்பகலில் ஏறுவது சாதாரணம். காலை எண்ணை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புவது ஆபத்து.

சாமான் விஷயத்தில் இரண்டே சொல்கிறேன். ஸ்கீ வழுக்குவதற்காக அடியில் பூசும் மெழுகு குளிர்காலத்துக்கானதாக இருந்தால், ஈரப்பனியில் அடிப்பாகம் தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும். கடையில் கொடுத்து வெப்பத்துக்கான மெழுகு போடச் சொல்லுங்கள். அடுத்தது கண். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கிறது. மேகமாக இருக்கிறதே என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரவில் கண்ணில் மணல் கொட்டிய மாதிரி எரிந்து தூங்க முடியாமல் கிடக்க வேண்டாம். மூக்கின் அடிப்பக்கத்திலும் தாடைக்குக் கீழேயும்கூட சன்ஸ்கிரீன் தடவுங்கள், வெயில் கீழேயிருந்தும் வருகிறது.

முன்பதிவில் செய்யும் தவறு

ஆறு மாதம் முன்பே, ரத்து செய்ய முடியாத அறையைப் போட்டுவிடுவது. வசந்த காலத்துக்கு அது பொருந்தாது. பத்து நாள் முன்பு வரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிற முன்பதிவு கொஞ்சம் விலை கூடினாலும் நல்லது. அந்தத் தேதியில் எத்தனை லிஃப்ட் ஓடும் என்று கேளுங்கள். ரிசார்ட் திறந்திருக்கிறது என்பதும் மலை முழுக்கத் திறந்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஊர் வரை சறுக்கி வரும் பாதைகள்தான் முதலில் மூடும், பிறகு லிஃப்டிலேயே இறங்க வேண்டியிருக்கும். ஈஸ்டர் வாரத்தில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பயணக் காப்பீட்டில் பனி இல்லாமல் போனால் பணம் கிடைக்குமா, பாதை போடாத சரிவில் அடிபட்டால் செலவை ஏற்பார்களா என்பதைப் பாலிசியைத் திறந்து படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

எத்தனை நாள் என்பதும் முக்கியம். இரண்டு நாளுக்குப் போனால் இரண்டும் மேகமாக அமைந்துவிடலாம். ஐந்து நாள் இருந்தால் நல்ல காலைப்பொழுதுகள் ஒன்றிரண்டாவது கிடைக்க வாய்ப்பு அதிகம். முழங்கால் ஆழத்துக்குப் புதிதாக விழுந்த, பொடி மாதிரியான பவுடர் பனிதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்கிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியிலேயே போகட்டும். ஏப்ரலில் அது விழலாம், ஆனால் அதை நம்பித் தேதி குறிக்க முடியாது. மற்றவர்கள் முதல் நாள் காலையில் அவசரப்படாமல், வரைபடத்தில் கிழக்கு பார்த்த சரிவைக் குறித்துக்கொண்டு, பத்து மணி வாக்கில் கைக்கோலை ஊன்றிப் பார்க்கட்டும்.