தன்னா தீவுக்குக் கிளம்பும் முன் படிப்பதில் நடக்கும் தவறுகள்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கமிருந்து வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்குக் கிளம்பும் பிள்ளைகள் சிலர், நான் பசிபிக் தீவு நாடான வனுவாட்டில், அதன் தன்னா தீவில் வேலை பார்த்தவன் என்று தெரிந்து தருமபுரிக்கு வந்து பார்க்கிறார்கள். போகிற ஊரைப் பற்றி என்ன படித்தீர்கள் என்று கேட்டால், அந்தக் காலத்தில் எங்களோடு கிளம்பியவர்கள் சொன்ன அதே பதில்தான் வருகிறது: சில வினோதக் கதைகளும் தலைநகரைப் பற்றிக் கொஞ்சமும். விசா, தடுப்பூசி எல்லாம் அனுப்புகிற அமைப்பே பார்த்துக்கொள்ளும், அதை விடுங்கள்.

வினோதக் கதைதான் ஊர் என்று நினைப்பது

தன்னா என்று தேடினால் முதலில் வருவது ஜான் ஃப்ரம் இயக்கம், அதாவது ஜான் ஃப்ரம் என்பவர் வந்து நல்ல காலம் தருவார் என்று நம்புகிறவர்களின் இயக்கம். மூங்கில் துப்பாக்கியோடு அணிவகுப்பு, பிப்ரவரி 15 விழா, அமெரிக்கச் சரக்குக்குக் காத்திருக்கும் மக்கள் என்று வீடியோ மேல் வீடியோ. அப்புறம், இளவரசர் பிலிப்பைக் கும்பிட்ட கிராமம். “அண்ணா, இதெல்லாம் நிஜமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான்.

எங்கள் குழுவில் ஒரு பையன், போன புதிதில், ஆலமரத்தடியில் சாயங்காலம் எல்லாரும் காவா என்ற வேர்ச்சாறு குடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு பெரியவரிடம் போய் “விமானம் வரும் என்று இன்னும் காத்திருக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மழைநீர்த் தொட்டிக்காக நாங்கள் கூட்டிய அடுத்த கூட்டத்துக்கு அவர் வீட்டு ஆட்கள் யாரும் வரவில்லை, அவர்கள் வராததால் மற்றவர்களும் வரவில்லை, வேலை மாதக்கணக்கில் படுத்துவிட்டது.

படித்திருக்க வேண்டியது வேறு. தன்னாவில் பிரஸ்பிட்டேரியன் மிஷன் ஓங்கியிருந்த காலத்தில் காவாவும் பழைய ஆட்டங்களும் தடுக்கப்பட்டன. 1941-ல் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சபைகளை விட்டு வெளியேறித் தங்கள் வழக்கத்துக்குத் திரும்பினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி தலைவர்களைப் பிடித்து தலைநகர் போர்ட் விலாவுக்கு அனுப்பினார், பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். அமெரிக்கப் படை வந்தது அதற்கு அடுத்த வருஷம்தான்; ஆக, இது சரக்குக்காகத் தொடங்கியது இல்லை. அந்தப் பெரியவரின் பெரியப்பாவும் அப்படிப் பிடித்துப் போகப்பட்டவர்.

வெளியூர்க்காரர் ஒருவர் பெண்சிசுக் கொலை, தொட்டில் குழந்தைச் செய்திகளை மட்டும் படித்துவிட்டுத் தருமபுரிக்கு வந்து, நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் கேள்வியாக அதைக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

சேனையும் கருணையும் போல அங்கே யாம், டாரோ என்ற கிழங்குகள். எப்போது நடுகிறார்கள், எப்போது தோண்டுகிறார்கள், எந்த ஊரில் எந்தச் சபை, யார் பேச்சு எடுபடும் என்று தேடுங்கள். விலாவில் உள்ள வனுவாட்டு பண்பாட்டு மையத்துக்காக ஊர்க்காரர்களே களப்பணியாளர்களாகத் தங்கள் வழக்கங்களைப் பதிவு செய்கிறார்கள். முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

தலைநகரைப் படித்துவிட்டுத் தீவுக்குப் போவது

விலா வேறு, தன்னா வேறு.

மொழி

நாட்டின் பொதுமொழியான பிஸ்லாமா கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தன்னாவுக்குள்ளேயே ஐந்து மொழிகள் இருக்கின்றன. 1906 முதல் 1980 வரை பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்டதால் ஆங்கிலப் பள்ளியும் உண்டு, பிரெஞ்சுப் பள்ளியும் உண்டு. நீங்கள் போகும் ஊரில் எது என்று கேட்காமல் புத்தகம் கட்டாதீர்கள்.

நிலம்

நிலம் முழுக்க வழக்கப்படி உரிமையுள்ள குடும்பங்களுக்கே சொந்தம் என்று அந்நாட்டு அரசியல் சட்டமே சொல்கிறது. கேட்காமல் ஒரு குழிகூடத் தோண்ட வேண்டாம்.

காலம்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல். 2015 மார்ச்சில் பாம் புயல் தன்னாவைச் சூறையாடியது. கட்டட வேலையை அந்த மாதங்களில் வைக்காதீர்கள்.