பிசிபியில் (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டில்) ஸ்குரூ துளையைச் சுற்றி எவ்வளவு இடம் விடுவது?

போர்டு டிசைன் முடியும் நேரத்தில் நாலு மூலையிலும் மவுண்டிங் ஹோலை, அதாவது போர்டை ஸ்குரூ போட்டுப் பெட்டியில் பொருத்தும் துளையை, செருகுவது பலருடைய வழக்கம். துளை 3 மி.மீ. சொச்சம்தானே என்ற தைரியம். ஆனால் உண்மையில் இடத்தை அடைப்பது ஸ்குரூ தலையும் வாஷரும். அதனால் டிராக் (மின்சாரம் போகும் காப்பர் கோடு) போடத் தொடங்கும் முன்பே துளைகளுக்கு இடம் ஒதுக்கிவிடுங்கள்.

படி 1: ஸ்குரூவை முடிவு செய்யுங்கள். எம்3 என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 273 தரப்படி இதற்கான துளை இறுக்கமாக வேண்டுமானால் 3.2 மி.மீ., சாதாரணமாக 3.4 மி.மீ. பெட்டியை 3டி பிரின்டரில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் 3.4 போடுங்கள். நாலு துளையும் ஒரேயடியாகப் பொருந்த கொஞ்சம் ஆட்டம் வேண்டும்.

படி 2: துளையைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய வட்டத்தைக் கணக்கிடுங்கள். எம்3 வாஷரின் வெளிவிட்டம் 7 மி.மீ., அதாவது ஆரம் 3.5. துளைக்குள் ஸ்குரூ 0.2 நகரும், ஸ்குரூவின் மேல் வாஷர் 0.1 நகரும். ஆக 3.8. காப்பரிலிருந்து 0.5 இடைவெளி சேர்த்தால் 4.3. விட்டம் 8.6, நான் 9 என்றே வைத்துக்கொள்வேன்.

காப்பரை மூடும் சால்டர் மாஸ்க் பூச்சு மேலே இருக்கிறதே, டிராக் வாஷருக்கு அடியில் போனால் என்ன என்று கேட்கலாம். ஸ்குரூவை முறுக்கும்போது வாஷர் அந்தப் பூச்சைச் சுரண்டிவிடும். அப்புறம் டிராக் நேராக ஸ்குரூவோடு ஷார்ட். 230 வோல்ட் வரும் போர்டுக்கு இந்த 0.5 போதாது, அதற்குப் பாதுகாப்புத் தரத்தின்படி தனிக் கணக்கு உண்டு.

படி 3: அடிப்பக்கத்தையும் பாருங்கள். போர்டைத் தாங்கும் அறுகோண ஸ்பேசர் 5.5 மி.மீ. என்பது தட்டைப் பக்கங்களுக்கு இடையே உள்ள அளவு. மூலைக்கு மூலை 6.35 வரும். நம் 9 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் வட்டத்தை இரண்டு பக்கமும் போட வேண்டும்.

படி 4: கீகேடில் (போர்டு டிசைன் சாஃப்ட்வேர்) வரையுங்கள். அதில் தயாராக இருக்கும் 3.2 மி.மீ. எம்3 ஃபுட்பிரின்ட்டை (துளையின் வரைபடத்தை) அப்படியே நம்ப வேண்டாம். அதன் கோர்ட்யார்டு, அதாவது சுற்றி ஒதுக்கிய எல்லை, சுமார் 6.9 மி.மீ.தான், வாஷரே அதைவிடப் பெரிசு. தவிர, கோர்ட்யார்டு பக்கத்துப் பாகங்களைத்தான் தடுக்கும், டிராக்கைத் தடுக்காது. அதனால் 9 மி.மீ. வட்டமாக ஒரு ரூல் ஏரியா (எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று சொல்லும் பகுதி) வரைந்து, எல்லா காப்பர் லேயருக்கும் டிராக், வயா (லேயர்களை இணைக்கும் சிறு துளை), காப்பர் ஃபில் (காலி இடத்தை நிரப்பும் காப்பர்) மூன்றையும் தடை செய்யுங்கள். துளையைக் கிரவுண்டோடு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. துளையைச் சுற்றிப் பேட் (பூச்சு மூடாத காப்பர்) உள்ள ஃபுட்பிரின்ட்டை எடுங்கள். பேட் வாஷரைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

படி 5: ஓரம். வாஷர் போர்டுக்கு வெளியே நீட்டக்கூடாது. ராஸ்பெர்ரி பை 4-ஐப் பாருங்கள்: 2.7 மி.மீ. துளை, மையம் ஓரத்திலிருந்து 3.5. எம்2.5 வாஷரின் ஆரம் 3 போக, அரை மி.மீ. மிச்சம். நம் எம்3-க்கு மையத்தை 4-க்குக் குறையாமல் வையுங்கள்.

செராமிக் கெப்பாசிட்டர்களைத் துளையிலிருந்து இன்னும் தள்ளியே வையுங்கள். ஸ்குரூவை இறுக்கும்போது போர்டு லேசாக வளைந்தாலே அவை விரிசல் விடும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

படி 6: ஆர்டர் போடும் முன் லேஅவுட்டை 1:1 அளவில் பேப்பரில் பிரின்ட் எடுத்து, நிஜ வாஷரையும் ஸ்பேசரையும் வைத்துப் பாருங்கள். நட் போடுவதாக இருந்தால் பாக்ஸ் ஸ்பேனரையும் வையுங்கள். அதன் வெளிச்சுவர் நட்டைவிட அகலம்; பக்கத்தில் உயரமான கனெக்டர் இருந்தால் உள்ளே இறங்காது.