மோதிய காரின் எயார்பேக் மொடியூலை ரீசெற் செய்வது எப்படி: புதிதாகப் பழகுபவர்களுக்கு

போன மாரிக்கு முன்னர் ஒரு விற்ஸ் கார் என்னுடைய கராஜுக்கு வந்தது. ஏ9 வீதியில், ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணப் பக்கம், இரவில் மாட்டோடு மோதிய கார். முன்பக்கம் முழுக்க வேறொரு இடத்தில் திருத்தி, பெயின்ற் அடித்து, பளபளவென்று இருந்தது. அந்த அண்ணை வந்தது ஏசி குளிரவில்லை என்று சொல்லி. திறப்பைத் திருப்பியபோது மீற்றரைப் பார்த்தேன். மற்ற லைற்றெல்லாம் எரிந்தன, எயார்பேக் லைற் மட்டும் எரியவேயில்லை. ஸ்ரியறிங்கின் நடு மூடியைக் கழற்றினால் உள்ளே பை இல்லை. மஞ்சள் பிளக்கின் இரண்டு வயருக்கும் இடையில் அரிசி மணியளவில் ஒரு ரெசிஸ்ரர் (மின்தடை), கறுப்பு ரேப் சுற்றியபடி. பின் சீற்றில் அவருடைய மகள் ரியூசன் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அங்கே நடந்தது இதுதான். பை இருப்பதாக, எயார்பேக்கை இயக்கும் பெட்டியான மொடியூலை நம்பவைக்க ரெசிஸ்ரர் போட்டிருக்கிறார்கள். மொடியூலுக்குள் பதிந்த விபத்துப் பதிவு அழியவில்லை, அதனால் லைற் விடாமல் எரிந்திருக்கும். அதற்கு மீற்றரைக் கழற்றி பல்பையே எடுத்துவிட்டார்கள். வேலை பழக வரும் தம்பிமாருக்கு நான் முதல் நாளே சொல்வது, ரீசெற், அதாவது அந்தப் பதிவை அழிப்பது, கடைசி வேலை. முதலில் உயிரைக் காக்கும் சாமான்கள் எல்லாம் காரில் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

மொடியூல் என்ன செய்கிறது

பெரும்பாலான கார்களில் கியர் தடிக்கு முன்னாலோ பின்னாலோ, நடுக் கொன்சோலுக்குக் கீழே, காரின் தரையோடு போல்ட் போட்டுப் பூட்டிய உள்ளங்கையளவு பெட்டிதான் மொடியூல். அதற்குள் வேகம் திடீரென்று குறைவதை அளக்கும் சென்சர் இருக்கிறது. முன் பம்பரின் பின்னாலும் கதவோரத் தூண்களிலும் உள்ள சென்சர்களும் அதற்குச் சேதி அனுப்பும். மோதல் பெரிது என்று தீர்மானித்தால் பைகளுக்கும் சீற் பெல்ட்டை இறுக்கும் பகுதிக்கும் மின்சாரத்தை விடும். ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் முன் பை விரிந்துவிடும். மோதலில் பற்றரி நசுங்கிப்போனாலும் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக மொடியூலுக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிற்றரும் இருக்கிறது. இதை மறக்காதீர்கள், பற்றரி கழற்றும் படியில் இதுதான் முக்கியம்.

பை வெடித்தவுடன் மொடியூல் அந்தச் சம்பவத்தைத் தன் நினைவகச் சிப்பில் எழுதி வைக்கிறது. சாதாரணப் பிழைக் கோட் என்றால், காரில் கொளுவிக் கோட்களை வாசிக்கும் கருவியான ஸ்கானரில் அழிக்கலாம். இந்த விபத்துப் பதிவைப் பெரும்பாலான ஸ்கானர்கள் அழிக்காது. வேண்டுமென்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பைகள் வெடித்த காரில் மொடியூலைப் புதிதாக மாற்றச் சொல்வதுதான் கார்க் கம்பனிகளின் பொதுவான நிலைப்பாடு. ரீசெற் செய்வது வெளியாட்களின் தொழில்நுட்பம். இந்த இரண்டையும் வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 1: தொடுவதற்கு முன்

காப்புறுதிக் கம்பனி வந்து பார்க்கும்வரை ஒன்றையும் கழற்ற வேண்டாம். பொலிஸ் விசாரணை உள்ள விபத்து என்றால் மொடியூலில் கை வைக்கவே வேண்டாம், அதற்குள் இருப்பது சாட்சியம். விரிந்த பைகள், மீற்றர், பெல்ட்டுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

படி 2: ஸ்கானரில் வாசிப்பது

பற்றரியைக் கழற்றுவதற்கு முன்னரே எயார்பேக் பகுதிக்குள் போய்க் கோட்களை வாசியுங்கள். சந்தையில் மலிவாக விற்கும் சின்னப் புளூடூத் ஸ்கானர்களில் பல இஞ்சினை மட்டுமே வாசிக்கும், எயார்பேக்கை வாசிக்கும் ஸ்கானர் வேண்டும். கோட்கள் பெரும்பாலும் ‘பி’ எழுத்தில் தொடங்கும். வந்த ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதுங்கள். எந்தப் பை, எந்தப் பெல்ட், எந்த சென்சர் என்று அந்தப் பட்டியல் சொல்லும்.

படி 3: மின்சாரத்தை நிறுத்துவது

திறப்பை எடுத்துவிட்டு, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். அப்புறம் காத்திருங்கள். ரொயோட்டா 90 செக்கன் சொல்கிறது, ஹொண்டா 3 நிமிடம் சொல்கிறது. நான் எந்தக் கார் என்றாலும் 10 நிமிடம் விடுவேன். மேலே சொன்ன கெப்பாசிற்றர் வடிய வேண்டும். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வர நேரம் சரியாக இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இப்போது ஓடுவதில் பாதிக்கு மேல் ஹைபிரிட் என்று சொல்லத் தோன்றும், அவ்வளவுக்கு அக்குவாவும் பிரியஸும் கராஜுக்கு வருகின்றன. அவற்றில் பலவற்றில் 12 வோல்ட் பற்றரி பின்பக்கம் இருக்கும். செம்மஞ்சள் நிற வயர்கள் பெரிய வோல்ட்டேஜ் போகும் வயர்கள், பழகாதவர் தொடவே கூடாது. அந்தக் கார்களில் மோதல் சேதி கிடைத்ததும் பெரிய பற்றரியின் இணைப்பும் துண்டிக்கப்படும் என்பதால், கார் ஸ்ராட் ஆகவில்லை என்று இஞ்சினில் மினக்கெட வேண்டாம்.

படி 4: வெடித்தவற்றை மாற்றுவது

மினக்கெட வேண்டிய இடம் இதுதான். பைகள் விரிந்தது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் போவது சீற் பெல்ட். ஒவ்வொரு பெல்ட்டையும் முழுதாக இழுத்துப் பாருங்கள். பாதியில் இறுகி நின்றாலோ, விட்டால் உள்ளே போகாமல் தொங்கினாலோ அதன் இறுக்கி வெடித்துவிட்டது. கொளுவும் பக்கமும் பாருங்கள். சில கார்களில் அந்தப் பிடி மற்றதைவிடச் சில சென்ரிமீற்றர் கீழே இறங்கியிருக்கும். பை வெடிக்காத சின்ன மோதலிலும் பெல்ட் இறுக்கி மட்டும் வெடிப்பது உண்டு, அப்போதும் லைற் எரியும்.

அடுத்தது ஸ்ரியறிங்குக்குப் பின்னாலுள்ள ஸ்பைரல் கேபிள். தட்டையான வயர் கடிகாரச் சுருள்போல உள்ளே சுற்றியிருக்கும். ஸ்ரியறிங் பை விரியும்போது வரும் சூட்டில் இது பழுதாகிவிடலாம், ஹோர்ன் அடிக்கவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். புதிதாகப் பூட்டும்போது முன் சில்லுகள் நேராக இருக்க வேண்டும், கேபிளும் அதன் நடு அடையாளத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் கூடச் சுற்றிய நிலையில் பூட்டினால் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துபோகும்.

மஞ்சள் பிளக்குகளைப் பற்றி ஒரு விசயம். எயார்பேக் வயர்களின் பிளக் மஞ்சளாக இருக்கும். கழற்றிய ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய உலோகத் தகடு ஒன்று வளைந்து இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். பிளக்கைக் கழற்றியவுடன் அது தானாகச் சோர்ட் ஆகிவிடும், உங்கள் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் பையை வெடிக்கவைக்காமல் இருப்பதற்கு. ஈயர்பட் குச்சியாலும் ஸ்குறூ ட்ரைவராலும் குத்தித் துப்பரவு செய்தால் அந்தத் தகடு வளைந்துவிடும். வெடிக்காத பையில் மல்ரிமீற்றரை வைத்து ஓம்ஸ் பார்க்கவும் கூடாது. மீற்றர் விடும் சிறு மின்சாரமே பையை வெடிக்கவைக்கலாம். பையைத் தூக்கும்போதும் மேசையில் வைக்கும்போதும் விரியும் பக்கம் மேலே இருக்கட்டும்.

பழைய பை வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடையில் உடைத்த கார்ச் சாமான்களை வைத்துத்தான் பலர் காரைக் காப்பாற்றினார்கள், அதில் தப்பில்லை. ஆனால் தகாட்டா நிறுவனத்தின் பைகளில் ஒரு வகை அமோனியம் நைட்ரேட்டில் வேலை செய்வது. வருடக்கணக்கில் வெக்கையும் ஈரமும் பட்டால் அந்த மருந்து கெட்டு, வெடிக்கும்போது அதன் உலோகக் கூடே சிதறி ஆளைக் குத்தும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திருப்பி அழைக்கப்பட்ட பைகள் அவை. எங்கள் ஊரின் வெக்கையையும் கடற்காற்றையும் நினைத்துப் பாருங்கள். செசி நம்பரை வைத்துக் கார்க் கம்பனியின் பக்கத்தில் தேடி, அந்தக் கார் அழைக்கப்பட்டதா என்று பார்க்காமல் பழைய பை வாங்காதீர்கள்.

படி 5: மொடியூலைக் கழற்றுவது

கொன்சோலை எடுத்து, பிளக்கின் பூட்டைத் திறந்து இழுத்து, போல்ட்களைக் கழற்றுங்கள். மேலுள்ள ஸ்ரிக்கரில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது காரின் முன்பக்கத்தைக் காட்டும். நம்பரையும் படம் எடுங்கள். ரொயோட்டாவில் 89170 என்றும் ஹொண்டாவில் 77960 என்றும் தொடங்கும்.

ஒன்று கவனம். பெட்டிக்குள் தண்ணீர் போன அடையாளம், பச்சையாகப் பாசி பிடித்த ஊசிகள், நசுங்கிய மூலை, எரிந்த மணம் ஏதாவது இருந்தால் அதை ரீசெற் செய்ய வேண்டாம். மாரி வெள்ளத்தில் நின்ற கார்களில் தண்ணீர் முதலில் தேடிப்போவது இந்தத் தரையோரப் பெட்டியைத்தான். லைற் அணைந்தாலும் அடுத்த மோதலில் அது வேலை செய்யும் என்று ஒருவரும் உறுதி சொல்ல முடியாது.

படி 6: பதிவை அழிப்பது

வழி நான்கு. முதலாவது, புது மொடியூல் வாங்குவது நல்லது, விலைதான் தடை. இரண்டாவது, ரீசெற் செய்பவரிடம் பெட்டியைக் கொடுப்பது. புதியவருக்கு நான் சொல்வது இதைத்தான். மூன்றாவது, உடைத்த காரிலிருந்து வேறு மொடியூல் எடுப்பது. அதற்கு நம்பர் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்க வேண்டும், அந்தக் காரும் மோதாததாக இருக்க வேண்டும்.

நான்காவது, நீங்களே சிப்பை வாசித்து எழுதுவது. பழுதான ஒரு பெட்டியில் பல தடவை பழகிய பிறகுதான் இதைச் செய்யுங்கள். மூடியைத் திறந்தால் எட்டுக் கால் உள்ள ஈப்ரொம் சிப் தெரியும், விபத்துப் பதிவு இருக்கும் நினைவகச் சிப் அதுதான். 93சி66, 93சி86, 95320, 95640 என்ற வகைகள் அதிகம். சில மொடியூல்களில் தனிச் சிப் கிடையாது, பதிவு புரொசசருக்குள்ளேயே இருக்கும், அதற்கு வேறு கருவி வேண்டும். சிப்பின் மேலுள்ள வார்னிஸை மெதுவாகச் சுரண்டி, புள்ளியிட்ட முதல் காலைப் பார்த்துக் கிளிப்பைப் பொருத்தி, சிப்பை வாசித்து எழுதும் கருவியான புரோகிராமரில் வாசியுங்கள். ஒரு தடவை போதாது, மூன்று தடவை வாசித்து மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அளவையும் பாருங்கள். 93சி66 என்றால் 512 பைட், 95320 என்றால் 4096 பைட். எல்லாமே ‘எஃப்எஃப்’ என்று வந்தால் கிளிப் சரியாகத் தொடவில்லை. முதல் வாசிப்பைச் செசி நம்பரோடு சேமித்து வையுங்கள், பிழைத்தால் திரும்பப் போக அது ஒன்றுதான் வழி. அதே மொடியூல் நம்பருக்குரிய, விபத்துப் பதிவு இல்லாத சுத்தமான பைலை எழுதி, மறுபடி வாசித்துச் சரிபாருங்கள். பக்கத்து நம்பரின் பைலை எழுதினால், இல்லாத பையைத் தேடும் மொடியூலாகவோ, இருக்கும் பையைத் தெரியாத மொடியூலாகவோ அது மாறிவிடும்.

படி 7: திரும்பப் பூட்டுவது

அம்புக்குறி முன்னால் பார்க்க, போல்ட் எல்லாவற்றையும் வடிவாக இறுக்குங்கள். தரையோடு அசையாமல் இருந்தால்தான் சென்சர் மோதலைச் சரியாக அளக்கும். போல்ட் இறுக்காமல் திறப்பைப் போடுவதும், திறப்புப் போட்டபடி பெட்டியில் தட்டுவதும் ஆபத்து. எல்லா மஞ்சள் பிளக்கும் ‘கிளிக்’ என்று பூட்டிய பிறகே பற்றரியைக் கொடுங்கள். முதல் தடவை திறப்பைத் திருப்பும்போது காருக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது, கதவுக்கு வெளியே நின்று கையை மட்டும் நீட்டுங்கள்.

லைற் எரிந்து, சில செக்கனில் தானாக அணைய வேண்டும். ரொயோட்டாவில் சுமார் 6 செக்கன். எரியாமலே இருந்தால் பல்பைப் பாருங்கள், அணையாமல் இருந்தால் மறுபடி ஸ்கானரைப் போட்டு வாசியுங்கள். அணைந்த பிறகும் ஒரு தடவை ஸ்கான் செய்து, கோட் ஒன்றும் இல்லை என்பதைப் படம் எடுத்து வாடிக்கையாளரிடம் கொடுங்கள்.

ஒரு கிழமையில் லைற் திரும்ப வந்தது என்று யாராவது வந்தால் மொடியூலைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். முன் சீற்றுகளுக்குக் கீழே உள்ள மஞ்சள் பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். சீற்றை முன்னும் பின்னும் தள்ளும்போது வயர் இழுபட்டுப் பூட்டுக் கழன்றிருக்கும். இல்லாவிட்டால் முற்றத்து மணல் உள்ளே போய்க் கிடக்கும்.