பாயின்செட்டியா சிவக்க இருட்டும், ஒரு துளி பச்சை வெளிச்சமும்

போன டிசம்பரில் எங்கள் காட்பாடி வீட்டு ஹாலில் இருந்த பாயின்செட்டியாவில் ஓர் இலைகூடச் சிவக்கவில்லை. வாங்கி வந்தபோது உச்சியெல்லாம் சிவப்பாக நின்ற அதே செடிதான். உரம் போட்டேன், தொட்டி மாற்றினேன், ஜன்னலோரம் நகர்த்தினேன். காரணம் சாமி அலமாரியில் இருந்தது. விடிய விடிய எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு, செடிக்கு நாலடி தள்ளி. அதுபோக ராத்திரி பதினொரு மணி வரை டியூப் லைட்.

பாயின்செட்டியா, சாமந்தி, கலஞ்சோ மூன்றும் ராத்திரி நீளமானால்தான் பூக்கிற ஜாதி. பாயின்செட்டியாவின் உச்சி இலை சிவப்பதும் பூப்பதோடு சேர்ந்ததுதான். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள உறவை அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் ஒரு புகையிலை வகையை வைத்துப் பார்த்து 1920இல் எழுதினார்கள். செடி உண்மையில் கணக்குப் பார்ப்பது இருட்டைத்தான் என்பது 1938இல் தெளிவானது. அந்தச் சோதனைக்குப் பயன்பட்டது, நம் ஊர்க் காலி மனைகளில் முளைத்துப் புடவையில் ஒட்டிக்கொள்கிற மருளூமத்தை. நடுராத்திரியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே அது பூக்காமல் நின்றுவிட்டது. இலையில் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமிதான் இதற்குக் காவல்காரன். 660 நானோமீட்டர் சிவப்பு வெளிச்சம் என்றால் அதற்கு உடனே விழிப்பு வந்துவிடும். அதனால் சிவப்பு பல்புதான் இருப்பதிலேயே மோசம்.

மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தாராளமாக விளக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1. முதலில் இருட்டு

வேலூரில் டிசம்பர் கடைசியில் ராத்திரி பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். தெருவிளக்கு படாத தோட்டத்தில் நட்ட பாயின்செட்டியா தானாகவே சிவந்துவிடும். வீட்டுக்குள் இருப்பதற்குத்தான் நாம் ராத்திரியை உண்டாக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்கி, சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 8 மணி வரை 14 மணி நேரம் முழு இருட்டு. இப்படி 8 முதல் 10 வாரம். மீதி 10 மணி நேரம் நல்ல வெளிச்சமான ஜன்னல்.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினால் போதும். ஆனால் வெயில் இருக்கும்போதே மூடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் பெட்டிக்குள் புழுங்கும், ராத்திரி சூடு அதிகமானாலும் இந்தச் செடி சிவப்பதற்குத் தாமதம் செய்யும். நான் பெட்டியை விட்டுவிட்டு, காற்றோட்டமான ஸ்டோர் ரூமில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டேன்.

விளக்கை அணைத்துப் பத்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள். அதற்கப்புறமும் கைவிரல்கள் தெரிந்தால் எங்கோ வெளிச்சம் கசிகிறது. சுவிட்ச் போர்டு இண்டிகேட்டர், இன்வெர்ட்டரின் சிவப்புப் பொட்டு எல்லாவற்றின் மேலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

2. எந்தப் பச்சை?

ஸ்டோர் ரூம் என்றால் ராத்திரி யாராவது போகத்தான் செய்வார்கள். அதற்குத்தான் பச்சை விளக்கு. பச்சை வெளிச்சம் செடிக்குத் தெரியவே தெரியாது என்று பலர் சொல்வது சரியல்ல. தன்மேல் படும் பச்சையில் பெரும்பகுதியை இலை உறிஞ்சத்தான் செய்கிறது, பைட்டோகுரோமும் கொஞ்சம் உணரும். பச்சையே ஆனாலும் பளிச்சென்று மணிக்கணக்கில் அடித்தால் பூ தள்ளிப்போகும். பச்சையின் லாபம் நம் கண்ணில் இருக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு ரொம்பக் கொஞ்சம் பச்சையே போதும், வழி தெரிந்துவிடும்.

லாங் பஜாரில் மூன்று பச்சை ஜீரோ வாட் பல்பு வாங்கிவந்தேன். மூன்றும் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தன. ஒரு பழைய சிடியை எடுத்து, இருட்டறையில் அதன் பளபள பக்கத்தில் பல்பின் வெளிச்சத்தை விழவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். நிஜமான பச்சை எல்இடி என்றால் பச்சைப் பட்டை மட்டும் விழும். பச்சைச் சாயம் பூசிய பழைய குண்டு பல்பில் பச்சைக்குப் பக்கத்திலேயே மஞ்சளும், ஓரத்தில் சிவப்பும் நீண்டன. உள்ளே வெள்ளை எல்இடி வைத்து மேலே பச்சை மூடி போட்டிருந்ததும் அப்படியே. செல்போன் டார்ச்சில் பச்சை ஜிகினா காகிதம் சுற்றுவதும் இந்தக் கதைதான். அரை வாட் பச்சை எல்இடி ஒன்றுதான் தேறியது.

3. மங்கலாக்குங்கள்

பல்பை செடிக்கு நேராக வைக்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். இரண்டு மடிப்பு வெள்ளைக் காகிதம் சுற்றலாம், ஆனால் பல்பைத் தொட்டு ஒட்ட வேண்டாம். செடி இருக்கும் இடத்தில் பேப்பரைப் பிடித்தால் தலைப்பைப் படிக்க முடிய வேண்டும், செய்தியைப் படிக்க முடியக் கூடாது. இது ஆய்வகக் கணக்கு இல்லை, என் கைக்கணக்கு.

4. ஐந்து நிமிஷம்

உள்ளே போனதும் கண் பழகுவதற்குக் கொஞ்சம் நில்லுங்கள். எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு அணைத்துவிட்டு வாருங்கள். தண்ணீர் ஊற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருந்தால் பச்சை வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் அதில் நம்பாதீர்கள். நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி பார்த்தபோது உச்சி இலைகள் கன்னங்கரேலென்று இருந்தன. அழுகிவிட்டது என்றே நினைத்துத் தூக்கம் கெட்டேன். காலையில் கதவைத் திறந்தால் அத்தனையும் சிவப்பு. சிவப்பு இலை திருப்பி அனுப்புவதற்கு அங்கே சிவப்பு வெளிச்சமே இல்லையே, கறுப்பாகத்தானே தெரியும்!

கரண்ட் போன ராத்திரியில் யாராவது எமர்ஜென்சி லைட்டோடு உள்ளே போய்விட்டால், அந்த ஒரு நாளுக்காகக் கவலைப்பட வேண்டாம். தினமும் நடந்தால்தான் வேலை கெடும்.

ஸ்டோர் ரூமுக்கு மாற்றுவதற்கு முன்னால், சாமி அலமாரியில் பச்சை பல்பைப் போட்டுப் பார்த்தேன். அத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, சாமிக்குப் போய் சிக்னல் லைட்டா?" என்றார். மறு பேச்சில்லாமல் கழற்றிவிட்டேன். உச்சி இலைகள் நன்றாகச் சிவந்து நடுவில் சின்ன மஞ்சள் பூக்கள் வந்துவிட்டால் இருட்டு தேவையில்லை. செடி இப்போது ஹாலுக்கு வந்துவிட்டது, அலமாரியில் சிவப்பு பல்பும் எரிகிறது.